கார் ரிக்கிலேயே செயற்கைக்கோள் பிடிப்பதா, யாகியோடு கீழே இறங்குவதா?

கார் டேஷ்போர்டில் 50 வாட் டூயல்பேண்ட் ஹாம் ரேடியோ ரிக் (இரண்டு அலைப்பட்டைகளில் பேசுகிற ரேடியோ) இருக்கிறது, கூரையில் ஒரு விப் ஆண்டெனா (செங்குத்துக் கம்பி) நிற்கிறது. இதை வைத்தே செயற்கைக்கோள் வழியாகப் பேசிவிட முடியுமா, இல்லை ஹேண்டியும் (கையடக்க ரேடியோ) யாகியும் (ஒரு திசையை நோக்கிக் குவிக்கிற ஆண்டெனா) தனியாக வாங்க வேண்டுமா, அல்லது ஒரேயடியாக எஸ்எஸ்பி (எஃப்எம்மைவிடக் குறுகிய இடத்தில் குரலை அனுப்புகிற முறை) ரிக்குக்குப் போய்விடலாமா? லைசென்ஸ் வாங்கி, உள்ளூர் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற நிலையம்) பேசிப் பழகிய பலரும் அடுத்து வந்து நிற்கிற இடம் இது. நானும் இதே இடத்தில் நின்றேன். ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்ததில் எனக்குத் தெளிவானதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புவதற்குக் கார் ரிக் தாராளம், கேட்பதற்குக் கூரை விப் பல நேரம் போதாது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் "இதில் எனக்கு டவுன்லிங்க் (செயற்கைக்கோளிலிருந்து கீழே வருகிற சிக்னல்) எவ்வளவு நேரம் தெளிவாகக் கேட்கும்" என்று மட்டும் பாருங்கள், எத்தனை வாட் என்று பார்க்காதீர்கள்.

ஏன் என்றால், எஸ்ஓ-50ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2002 டிசம்பரில் ஏவப்பட்டது, புதிதாக வருகிற பலருக்கும் முதல் எஃப்எம் செயற்கைக்கோள் இதுதான். அதன் டிரான்ஸ்மிட்டர் வெறும் 250 மில்லிவாட், அதாவது கால் வாட். உங்கள் ரிக் 50 வாட். மேலே அனுப்புகிற திசையில் உங்களிடம் 200 மடங்கு சக்தி இருக்கிறது, கீழே வருகிற திசையில் அந்தக் கால் வாட்தான், அதை நீங்கள் எதுவும் செய்து கூட்ட முடியாது. கூட்ட முடிந்ததெல்லாம் உங்கள் ஆண்டெனாவின் காது மட்டுமே. கையில் பிடிக்கிற 3 உறுப்பு யாகி 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம், மேலே அனுப்புவது இதில்) ஏறக்குறைய 6 டெசிபெல், அதாவது 4 மடங்கு, கூடுதல் தரும் என்று வைத்தால், யாகியில் 5 வாட்டும் விப்பில் 20 வாட்டும் மேலே போய்ச் சேரும்போது ஒன்றுதான். ஆக அப்லிங்க்கில், அதாவது மேலே அனுப்புவதில், கார் ரிக் யாகிக்காரரோடு சமமாக நிற்கிறது. ஆனால் 70 சென்டிமீட்டர் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டவுன்லிங்க்கில் 7 உறுப்பு யாகி 10 டெசிபெல் அளவுக்கு, அதாவது 10 மடங்கு கூடுதலாகக் கேட்கும்போது, விப்பிடம் அதற்குப் பதில் கிடையாது.

இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் உச்சந்தலைக்கு மேல் வரும்போது சுமார் 400 கிலோமீட்டரில் இருக்கிறது, தொடுவானத்தில் எழும்பும்போது 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். தூரம் 5 மடங்கானால் சிக்னல் 25 பங்கில் ஒன்றாகிவிடும். ஒரு பாஸ் (செயற்கைக்கோள் ஒரு முறை நம் வானத்தைக் கடப்பது) 10 நிமிடம் என்றால் விப்பில் நடுவில் சில நிமிடங்கள் நன்றாகக் கேட்டு, இரண்டு ஓரங்களிலும் இரைச்சலில் மூழ்கிப்போவது இதனால்தான். தூரத்து நிலையங்கள் கிடைப்பதும் அந்த ஓரங்களில்தான் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் இது முக்கியமாகும்.

கூரை விப்பை மட்டும் நம்பினால்

இதை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை, சரியான விப்பாக இருந்தால். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடையில் அதிக கெயின் என்று விற்கிற ஒரு மீட்டருக்கும் மேலான நீள ஆண்டெனா, சக்தியை முழுக்கத் தொடுவானத்தை நோக்கித் தட்டையாக அமுக்குகிறது. ரிப்பீட்டருக்கு அது வரம், 50 டிகிரி உயரத்தில் போகிற செயற்கைக்கோளுக்கு அது பாராமுகம். நான் முதல் சில வாரங்கள் அப்படி ஒன்றோடுதான் முயன்றேன். அப்புறம் சுமார் 49 சென்டிமீட்டர் உள்ள சாதாரணக் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) விப்பை மாட்டினேன், அதே இடத்தில், அதே செயற்கைக்கோள், கேட்கிற நேரம் கண்கூடாகக் கூடியது. 2 மீட்டரில் கால் அலையாக இருக்கிற அந்தக் கம்பி 70 சென்டிமீட்டரில் முக்கால் அலையாக வேலை செய்து, கதிரை மேல்நோக்கித் தூக்கிவிடுகிறது. இந்த வேலைக்கு மட்டும், விலை குறைந்த எளிய கம்பி விலை கூடியதை வெல்கிறது. ஒரே குறை, செயற்கைக்கோள் நேர் உச்சிக்கு வரும்போது செங்குத்தான எந்த விப்புக்கும் அங்கே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அதனால் 90 டிகிரி பாஸைவிட 30 முதல் 60 டிகிரி வரை எழும்புகிற பாஸ்தான் விப்புக்கு இனிமையானது.

கேபிளையும் பாருங்கள். காந்த மவுண்டோடு வருகிற மெல்லிய ஆர்ஜி-174 வகைக் கேபிள் 5 மீட்டர் இருந்தால், 437 மெகாஹெர்ட்ஸில் வருகிற சிக்னலில் ஏறக்குறைய பாதியை அதுவே தின்றுவிடும். அனுப்பும்போது வாட்டைக் கூட்டிச் சரிக்கட்டலாம், கேட்கும்போது போனது போனதுதான்.

இன்னொன்று, செயற்கைக்கோள் சுழன்றுகொண்டே போவதால் அதன் அலைமுனைவு (அலை அதிர்கிற திசை) மாறிக்கொண்டே இருக்கும். கையில் யாகி இருந்தால் மணிக்கட்டைத் திருப்பி அதைத் துரத்தலாம், சிக்னல் சட்டென்று மேலே எழும்பும். கூரையில் நிற்கிற விப்பைத் திருப்ப முடியாது, ஆழமாக விழுந்து எழும்புகிற சிக்னலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் விப்புக்கு நல்ல ஜோடி. 2020 செப்டம்பரில் இயக்கத்துக்கு வந்தது, அப்லிங்க் 145.990 மெகாஹெர்ட்ஸ், டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்புகிற தாழ்ந்த ஒலி) 67 ஹெர்ட்ஸ், டவுன்லிங்க் 437.800 மெகாஹெர்ட்ஸ். எஸ்ஓ-50ஐவிட எனக்கு எப்போதும் பலமாகவே கேட்டிருக்கிறது. விப் வைத்திருப்பவர் முதலில் இதைத்தான் தேட வேண்டும். ஆனால் அது எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதில்லை, வீரர்கள் வெளியே நடக்கிற நாட்களிலும் விண்கலங்கள் வந்து இணைகிற நாட்களிலும் அணைத்துவிடுவார்கள்.

ஃபுல் டூப்ளெக்ஸ், இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

ரிக் வாங்கும் முன் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் அனுப்பிக்கொண்டே அதே நேரத்தில் கேட்பது. எஃப்எம் செயற்கைக்கோளில் ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் போகும், பலமானவர் மற்றவரை மூடிவிடுவார். நீங்கள் 2 மீட்டரில் பேசிக்கொண்டிருக்கும்போதே 70 சென்டிமீட்டரில் உங்கள் குரல் திரும்பி வருவதைக் கேட்க முடிந்தால், நீங்கள் உள்ளே போகிறீர்களா, இன்னொருவர் மேல் ஏறி மிதிக்கிறீர்களா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும், விரலை எடுத்துவிடலாம். கேட்க முடியாதவர் 50 வாட்டில் இடைவிடாமல் அழைத்துக்கொண்டே இருந்தால், அந்தப் பாஸில் இருக்கிற எல்லோருடைய 10 நிமிடமும் வீணாகிறது. கார் ரிக்கின் சக்தியே இந்த இடத்தில் ஆபத்தானது. கேட்காமல் அனுப்புகிற கார் நிலையத்தை யாரும் விரும்புவதில்லை, அது நியாயமான கோபம்தான்.

திரையில் இரண்டு அலைவரிசை தெரிவதாலேயே ரிக் ஃபுல் டூப்ளெக்ஸ் ஆகிவிடாது. பல ரிக்குகள் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும், அல்லது சேர்த்தே கேட்கும், ஆனால் பிடிடி (பேசுவதற்கு அமுக்குகிற பொத்தான்) அமுக்கியதும் மற்ற பக்கம் ஊமையாகிவிடும். இது தெரியாமல் ஒன்றை வாங்கி, முதல் பாஸில்தான் உண்மையைக் கண்டுகொண்டேன். வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை போதும்: 2 மீட்டர் பக்கத்தில் டம்மி லோட் (ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்கிற சுமை) மாட்டிக் குறைந்த சக்தியில் அனுப்பிக்கொண்டே, பக்கத்தில் ஒரு ஹேண்டியிலிருந்து 70 சென்டிமீட்டரில் பேசச் சொல்லுங்கள். கேட்டால் வாங்குங்கள். கென்வுட் டிஎம்-வி71ஏ, டிஎம்-டி710 வரிசை, யேசுவின் எஃப்டி-8800, எஃப்டி-8900 ஆகியவை இதைச் செய்கிற கார் ரிக்குகள். இவற்றில் ஒன்று பழையதாகக் கிடைத்தாலும், ஃபுல் டூப்ளெக்ஸ் இல்லாத புத்தம்புது ரிக்கைவிட அதையே எடுப்பேன்.

ஃபுல் டூப்ளெக்ஸ் இருந்தும் ஒரு சிக்கல் வரும், டீசென்ஸ், அதாவது நம் டிரான்ஸ்மிட்டரே நம் ரிசீவரின் காதை அடைப்பது. 145.990ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 437.970. நீங்கள் கேட்க வேண்டியது 437.800. உங்கள் டிரான்ஸ்மிட்டரின் மூன்றாவது ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவரிசையில் கசிகிற சிக்னல்) காதுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது. எஸ்ஓ-50க்கு 145.850, அதன் மும்மடங்கு 437.550, கேட்பது 436.795, கொஞ்சம் தள்ளியிருக்கிறது, ஆனாலும் தொந்தரவு உண்டு. ஒரே விப்பில் அனுப்பவும் கேட்கவும் செய்யும்போது 50 வாட்டில் இது பளிச்சென்று தெரியும், பிடிடி அமுக்கியதும் டவுன்லிங்க் காணாமல் போகும். சக்தியை 10 அல்லது 5 வாட்டுக்கு இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு நல்ல டூப்ளெக்சர் (இரண்டு பேண்டையும் பிரிக்கிற ஃபில்டர்), அல்லது கேட்பதற்குத் தனி ஆண்டெனா. ஹெட்ஃபோனும் கட்டாயம், ஸ்பீக்கரில் கேட்டால் உங்கள் குரலே மைக்கில் நுழைந்து ஊளையிடும்.

காரை நிறுத்தி யாகியோடு இறங்குவது

எனக்குப் பிடித்த வழி இதுதான், கார் ரிக் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதுதான். ரிக்கும் பேட்டரியும் காரிலேயே இருக்கட்டும். விப்புக்குப் போகிற இணைப்பைக் கழற்றி, 2 அல்லது 3 மீட்டர் நல்ல கேபிள் மூலம் யாகியில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் நில்லுங்கள். முகப்பைத் தனியாகப் பிரிக்கிற வசதி ரிக்கில் இருந்தால் இன்னும் எளிது. சக்தி 5 வாட், அதற்கு மேல் தேவைப்படாது. ஹேண்டியை விடக் கார் ரிக்கின் ரிசீவரும் பொத்தான்களும் வசதியானவை, பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயமும் இல்லை.

யாகிக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஏரோ என்கிற 3 உறுப்பு 2 மீட்டர், 7 உறுப்பு 70 சென்டிமீட்டர் ஆண்டெனாவும், எல்க் என்கிற 5 உறுப்பு லாக்-பீரியாடிக்கும் பலர் கையில் இருப்பவை. அளவு நாடாவின் எஃகுப் பட்டையை வெட்டி, பிவிசி குழாயில் பொருத்திச் செய்கிற யாகியும் உண்மையாகவே நன்றாக வேலை செய்யும். ஏரோவில் இரண்டு பேண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் டீசென்ஸ் குறைகிறது, எல்க்கில் ஒரே கேபிள் போதும். நான் கேட்பதற்கு முன்னுரிமை தருபவன், ஏரோ பக்கம்தான் நிற்பேன்.

இதன் உண்மையான லாபம் அந்த ஓரங்களில் இருக்கிறது. விப்பில் பாஸின் நடுப்பகுதி மட்டும் கேட்ட அதே இடத்தில், யாகியோடு தொடுவானத்திலிருந்து சில டிகிரி எழும்பியதுமே குரல்கள் தெளிகின்றன. உங்களுக்கு விளிம்பில் இருக்கிற செயற்கைக்கோள் இன்னொருவருக்கு எதிர் விளிம்பில் இருக்கும், அப்போதுதான் இரண்டு பேருக்கும் இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வருகிறது. விப்பில் நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் அக்கம்பக்கம், யாகி வந்த பிறகுதான் லாக் புத்தகத்தில் தூரத்து கிரிட்டுகள் (பூமியைப் பிரித்து வைத்த கட்டங்கள்) ஏறத் தொடங்கின.

ஓடுகிற காரில் பேசலாமா என்று கேட்பார்கள். தனியாக ஓட்டுகிறீர்கள் என்றால் வேண்டாம். அலைவரிசையைத் திருப்பி, கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்) கேட்டு, கிரிட் குறித்துக்கொண்டு சாலையையும் பார்க்க முடியாது. வேறொருவர் ஓட்டினால் சரி. மற்றபடி நிறுத்துங்கள், காரின் அருமையே எங்கே வேண்டுமானாலும் போய் நிறுத்தலாம் என்பதுதானே. மெய்டன்ஹெட் கிரிட் ஒவ்வொன்றும் 2 டிகிரி தீர்க்கரேகை, 1 டிகிரி அட்சரேகை. யாரும் ஒலிபரப்பாத கிரிட்டுக்குள் காரை ஓட்டிப்போய், திறந்த வெளியில் நின்று அழைத்துப் பாருங்கள், வரிசையாகப் பதில் வரும். வீட்டு நிலையத்தில் இருந்து இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

இரண்டு ஹேண்டி

கார் ரிக் இல்லாதவருக்கும், மலையேறிப் போய்ப் பேச நினைப்பவருக்கும் இது. ஒன்றில் அனுப்பி மற்றொன்றில் கேட்டால் செலவில்லாத ஃபுல் டூப்ளெக்ஸ். எடை குறைவு. ஆனால் மலிவான ஹேண்டிகளின் ரிசீவர் பக்கத்து டிரான்ஸ்மிட்டரில் எளிதாகத் திணறிவிடும், இரண்டு ரேடியோ, ஆண்டெனா, ரெக்கார்டர் என்று கைகள் போதாது. காரில் ஏற்கெனவே நல்ல ரிக் இருந்தால் இதற்காக வாங்காதீர்கள்.

எஸ்எஸ்பி பக்கம் போனால்

இது வேறு உலகம். எஃப்எம்மில் ஒருவர் குரலுக்குத்தான் இடம், லீனியர் டிரான்ஸ்பாண்டரில் (ஒரு அலைத்துண்டை முழுசாக வாங்கிக் கீழே அனுப்புகிற கருவி) ஒரே நேரத்தில் பலர் பக்கம் பக்கமாகப் பேசலாம். ஆர்எஸ்-44 செயற்கைக்கோள் இப்போது இதற்கு அருமையானது: 60 கிலோஹெர்ட்ஸ் அகலம், 145.935 முதல் 145.995 வரை மேலே, 435.610 முதல் 435.670 வரை கீழே. அது சுமார் 1,200 முதல் 1,500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் ஒரு பாஸ் 20 நிமிடம் வரைகூட நீளும். எஃப்எம்மில் அவசரமாக கால்சைனும் கிரிட்டும் மட்டும் மாற்றிக்கொண்டவருக்கு இங்கே நிதானமாக நலம் விசாரிக்க நேரம் கிடைக்கிறது. 1974 நவம்பரில் ஏவப்பட்ட ஏஓ-7, 1981இல் பேட்டரி செயலிழந்து மௌனமாகி, 2002இல் மறுபடி பேசத் தொடங்கியது. பேட்டரி இல்லாமல் வெயில் படும்போது மட்டும் வேலை செய்யும் அதன் வழியே பேசும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

ஆனால் செலவும் உழைப்பும் கூடுதல். டிரான்ஸ்பாண்டர் தலைகீழானது, எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டை) அனுப்பினால் யூஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை) வரும். டாப்ளர் மாற்றத்தை (செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) எஃப்எம் போல 5 கிலோஹெர்ட்ஸ் படிகளில் சமாளிக்க முடியாது, தொடர்ந்து டியூன் செய்ய வேண்டும். காரில் எஃப்டி-857டி மாதிரி ஆல்-மோட் (எஃப்எம், எஸ்எஸ்பி எல்லாம் செய்கிற) ரிக் இருப்பவர்கள் அதில் அனுப்பி, மடிக்கணினியில் ஒரு எஸ்டிஆர் டாங்கிளால் (கணினியில் செருகுகிற சின்ன ரிசீவர்) கேட்கலாம். மலிவான டாங்கிள் 2 மீட்டர் சக்தியில் காது அடைத்துப்போகும், அதன் முன்னால் ஒரு ஃபில்டர் தேவை. சக்தி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: உங்கள் சிக்னல் செயற்கைக்கோள் தானாக அனுப்புகிற அடையாள சிக்னலான பீக்கனைவிடப் பலமாகக் கேட்டால் குறையுங்கள். அதிக சக்தி டிரான்ஸ்பாண்டரை அமுக்கி மற்ற எல்லோரையும் கீழே தள்ளிவிடும்.

முதல் ஆறு மாதம் எஃப்எம்மில் பாஸ் பிடிக்கவும், டாப்ளரைக் காதால் உணரவும் பழகிவிட்டு இதற்கு வாருங்கள் என்பேன். நேராக இங்கே குதித்துப் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூரை விப்பை விடமாட்டேன் என்பவருக்குப் பாக்கெட் இருக்கிறது. விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் ஏபிஆர்எஸ் (இடத்தையும் சிறு செய்திகளையும் தரவுத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டாக, அனுப்புகிற முறை), அனுப்புவதும் கேட்பதும் ஒரே அலைவரிசை, ஃபுல் டூப்ளெக்ஸ் தேவையில்லை, டீசென்ஸ் கேள்வியே இல்லை, 2 மீட்டர் என்பதால் டாப்ளரும் சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ்தான், எஃப்எம் தாங்கிக்கொள்ளும். இங்கே கார் ரிக்கின் சக்தியும் விப்பும் குறையில்லாமல் வேலை செய்கின்றன. குரல் இல்லை என்பது மட்டும்தான் எனக்குக் குறை. கியூஓ-100 பற்றியும் கேட்பார்கள். 25.9 டிகிரி கிழக்கில் நகராமல் நிற்கிற செயற்கைக்கோள் அது, 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பி 10 கிகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டும், டிஷ் வேண்டும். காரை நிறுத்தி அமைத்துப் பேசலாம், ஆனால் உங்கள் டூப்ளெக்ஸ் ரிக்கால் அதில் தனியாக எதுவும் செய்ய முடியாது.

ஆகவே என் வரிசை இப்படி. ஃபுல் டூப்ளெக்ஸ் கார் ரிக் இருக்கிறதா, யாகி மட்டும் வாங்குங்கள் அல்லது செய்யுங்கள், வேறெதுவும் வேண்டாம். கார் ரிக் இருந்தும் அது ஃபுல் டூப்ளெக்ஸ் இல்லையா, அதை 2 மீட்டரில் அனுப்ப மட்டும் வைத்துக்கொண்டு, யாகியில் மாட்டிய ஒரு ஹேண்டியால் 70 சென்டிமீட்டரைக் கேளுங்கள், புது ரிக் வாங்கும் செலவு மிச்சம். எதுவுமே இல்லை என்றால் இரண்டு ஹேண்டி. எஸ்எஸ்பி அப்புறம்.

முதல் பாஸுக்கு எஸ்ஓ-50ஐ இப்படித் தயார் செய்யுங்கள். 436.805, 436.800, 436.795, 436.790, 436.785 என்று ஐந்து மெமரி சேனல்கள், ஒவ்வொன்றிலும் அனுப்புவது 145.850, டோன் 67 ஹெர்ட்ஸ். ஆறாவதாக 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு ஒன்று. அந்தச் செயற்கைக்கோள் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த டோனை இரண்டு நொடி அனுப்பினால் 10 நிமிட டைமர் ஓடத் தொடங்கும். ஸ்கெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை மூடுகிற அமைப்பு) முழுக்கத் திறந்து வையுங்கள், அது மூடியிருந்தால் பலவீனமான சிக்னல் வந்ததே தெரியாது. செயற்கைக்கோள் இப்போது இயங்குகிறதா என்பதை ஹாம் செயற்கைக்கோள் அமைப்பான ஆம்சாட்டின் நிலவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு, லுக்4சாட் செயலியில் 40 டிகிரிக்கு மேல் எழும்புகிற ஒரு பாஸைத் தேர்ந்தெடுங்கள், போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். அந்தப் பாஸ் முழுக்க மைக்கைத் தொடாமல் கேளுங்கள், மேல் சேனலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டு எத்தனை கால்சைன் எழுத முடிகிறது என்று பாருங்கள். ஐந்தாறு தெளிவாகக் கிடைத்தால் அடுத்த பாஸில் பிடிடியை அமுக்கலாம்.